அடி எரு

பாவாயி அதைச் சொன்னது நான் மருந்தடிக்கச் சொல்வதற்கு முன்பா, பின்பா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. என் மனைவி மைதிலிக்கு நினைவிருக்கும். இதுவரை நான் கேட்டதில்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், எட்டாயிரம் முட்டைக்கோழிகள் இருந்த பண்ணை எங்களுடையது. கூண்டுகளின் கீழே குவியும் எருவை நான்கு மாதத்துக்கு ஒருமுறை லாரியில் ஏற்றுவோம். பதினோரு வருடமாக அதை அள்ளியவள் பாவாயி. தரையோடு சுரண்ட மாட்டாள். ஒரு சாண் உயரத்துக்குப் பழைய எருவை விட்டுவிடுவாள். சோம்பல் என்று நினைத்து நான் கேட்காமல் இருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. எரு நசநசத்து ஈ கூடிவிட்டது. அடுத்த தோட்டத்துத் தங்கமுத்து தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எங்களை அழைத்திருந்தார். பரிமாறிய சோற்றில் வெள்ளை தெரியவில்லை.

"சனத்தவிட உன்ற பண்ணை ஈதான் நெறைய வந்திருக்குது, ஜெயபிரகாசு. அதுகளுக்கும் ஒரு பந்தி போட்றலாமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவர் மனுக் கொடுத்தார். வந்து பார்த்த அதிகாரி, ஒரு மாதத்தில் ஈ குறையாவிட்டால் பண்ணையை மூட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எருவைத் தரை தெரியச் சுரண்டச் சொன்னேன். பிறகு மூலை முடுக்கெல்லாம் மருந்து.

"அடி எருவுல கருவண்டு இருக்குதுங்க. ஈப்புழுவ அதுதான் திங்குது. அதையுங் கொன்னுபோட்டா அப்பறம் யாருங்க திம்பாங்க?"

பாவாயி சொன்னது இதுதான். வார்த்தைகள் நினைவிருக்கின்றன. நாள்தான் இல்லை.

பத்து நாள் ஈ இல்லை. சுவரில் பல்லியும் இல்லை. கூரைக் கம்பியில் உட்காரும் கரிச்சான் குருவியும் வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

கோழி தின்னும் மக்காச்சோளம் முழுவதும் முட்டையாகிவிடுவதில்லை. அதன் தெம்பில் ஒரு பங்கு எருவோடு கீழே விழுகிறது. எதற்காவது அது இரையாகியே தீரும். முன்பு எருவைப் புழு தின்றது, புழுவை வண்டு தின்றது, வண்டைப் பல்லி தின்றது. இப்போது புழு மட்டும் தின்றது. வெளியிலிருந்து வந்த நாலு ஈ பெருகுவதற்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. மூன்றாம் வாரம் மைதிலி கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு நாள் காலையில் பாவாயி, தன் அக்கா வேலை செய்யும் பண்ணையிலிருந்து இரண்டு மூட்டை பழைய எருவை மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே கருவண்டுகள் ஊர்ந்தன. அவை பெருக எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு மாசமாகுமுங்க."

"நமக்கு எட்டு நாள்தான் இருக்குது."

"தெரியுமுங்க," என்றாள். கூண்டுகளுக்கு அடியில் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் அதிகாரி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

உத்தரவு வந்தது. கோழிகள் கறிக்குப் போயின. தை மாதம் ஷெட்டைக் கூட்டும்போது எருவில் வண்டுகள் நிறைய இருந்தன. எரு தீர்ந்ததும் அவையும் போய்விட்டன. தங்கமுத்துவின் மகள் ஓமலூரில் வாழ்கிறாள். அவர் என்னிடம் இப்போது பேசுகிறார். பாவாயி தன் அக்கா வேலை செய்யும் பண்ணையில் எரு அள்ளுகிறாள். மைதிலி தையல் கடையில் இருக்கிறாள். நான் தீவன ஆலையில் மூட்டைகளுக்கு எடை போடுகிறேன்.