தாடைக்குக் கீழே

குடிசைக்குள் வெளிச்சம் வந்ததும் தருமன் வாசலோரம் உட்கார்ந்து கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினான். அவன் பெண்டாட்டி தனக்கோடி கையிலிருந்த பானையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். வலது ஓரத்தில் வெள்ளைத் தழும்பு. அதைச் சுற்றிச் சுருங்கிய தோல்.

"ஒண்ணும் இல்ல."

"சரியா பாத்தியா?"

"பாத்தேன்யா."

"இருந்தாலும் நீ சொல்ல மாட்டே."

அவள் நிமிர்ந்து பானையைக் கழுவப் போனாள்.

வீச்சுவலை வீசுகிறவன் வலையின் விளிம்பில் ஒரு பிடியை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வலை வட்டமாக விரியும். தருமன் வலது ஓரத்தில் கவ்விப் பழகியவன். வலை விளிம்பில் கட்டிய ஈயக்குண்டு உட்காரும் அந்த இடத்தில்தான் கட்டி வந்தது. முதலில் உப்புத்தண்ணீர் பட்டால் எரிந்தது. பிறகு எரியாமல் போயிற்று. பிறகு வளர்ந்தது. அவனுடைய நைனாவுக்கும் அதே இடத்தில் வந்து, ஊர் வைத்தியர் சூடு வைத்து, ஆறி, ஆறிய இடத்திலேயே மறுபடி வந்தது. கடைசியில் அவருக்குக் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை.

தருமனுக்குக் கோட்டையில் இருந்த ஒல்லாந்து தேசத்து வைத்தியர் போன ஆடியில் கட்டியை அறுத்துத் தைத்தார். கோட்டைக்கு மீன் கொடுக்கிற குடும்பம் என்பதால் செய்தார். சிப்பாய்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தனக்கோடி மதிலுக்கு வெளியே மீன்கூடையோடு நின்று சத்தத்தைக் கேட்டாள்.

அதன் பிறகு தருமன் வலையை வாயில் வைக்கவில்லை. முழங்கையில் மாட்டி வீசினான். வலை பாதி மடிந்து ஈரத்துணிபோல ஏரியில் விழுந்தது. மீன் கூடையின் அடியை மறைக்கும் அளவுக்குத்தான் கிடைத்தது.

வைத்தியர் அடுத்த கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே தருமன் அவளையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனான். வைத்தியர் முற்றத்து வெயிலில் உதட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆறிவிட்டது என்று துபாஷி வரதன் மொழிபெயர்த்தான்.

தருமன் நகரவில்லை. வேர் உள்ளே இருக்கிறதா என்று கீறிப் பார்க்கச் சொன்னான். நல்ல சதையைக் கீற மாட்டாராம். அப்படியானால் ஊசியால் குத்திப் பார்க்கட்டும் என்றான்.

"செத்த சதையா இருந்தா குத்தறது தெரியாது சாமி. எனக்கு அத மட்டும் பாத்து சொல்லிட்டா போதும்."

வரதன் சலிப்போடு சொன்னதை வைத்தியர் சலிப்பில்லாமல் கேட்டார். ஊசி எடுத்து வந்தார். தருமன் கண்ணை மூடிக்கொண்டான். தழும்பின் மேல் ஒரு குத்து. தெரிகிறது என்றான். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தெரிகிறது என்றான்.

"இதும் தெரியுது சாமி. நல்லா குத்துது."

ஊசி அப்போது வைத்தியரின் மடியில் இருந்தது. வரதன் சிரித்தான். வைத்தியர் சிரிக்கவில்லை. தருமனின் தாடைக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். இடது பக்கம். பிறகு வலது பக்கம். வலது பக்கத்தில் விரல்கள் கொஞ்சம் அதிக நேரம் நின்றன. பிறகு வெகுநேரம் ஏதோ பேசினார்.

"நல்லாருக்கானாம். தொழிலுக்குப் போகச் சொல்றாரு" என்றான் வரதன்.

"அம்மாம் நேரம் பேசினாரே சாமி. அவ்ளோதானா?" என்று தனக்கோடி கேட்டாள்.

"அவ்ளோதான்."

திரும்பும் வழியில் தருமன் ஊசிக் கதையைத் தானே சொல்லிச் சிரித்தான். மறுநாள் காலை உதட்டை இழுத்துக் காட்டவில்லை. வலையை எடுத்து உதறி, விளிம்பை வாயின் இடது ஓரத்தில் கவ்வி வீசினான். மாலையில் கூடை கனத்தது.

எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் தனக்கோடி அவன் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். வலது பக்கத்தில் ஊறிய மொச்சைபோல ஒன்று இருந்தது. அழுத்தினால் நழுவியது. அவன் தூங்கிப்போனான். அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று இருந்தது, பயறளவு.

மறுநாள் பேன் பார்க்கும்போது நாத்தனார் எல்லம்மாவின் கழுத்தைத் தடவினாள்.

"இன்னா அண்ணி, அளவெடுக்கறே? அட்டிகை செஞ்சி போடப் போறியா?"

எல்லம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. மீன் வாங்க வந்த கிழவிக்கு ஒரு பக்கம் மட்டும். கை வைக்கலாம் என்றிருந்த கழுத்தையெல்லாம் அவள் தொட்டுப் பார்த்துவிட்டாள். எது இருக்க வேண்டியது, எது இருக்கக் கூடாதது என்று அதிலிருந்து தெரியவில்லை. தருமனிடம் சொல்லவில்லை. அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

தனியாகக் கோட்டைக்குப் போனாள். ஒரே ஆளுக்கு எத்தனை தடவை பார்ப்பது, துரை பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், காலையில் கிளம்புகிறார் என்று வரதன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான்.

காலையில் எல்லம்மாவின் புருஷன் மாணிக்கம்தான் கப்பலுக்குப் படகு தள்ளினான். பெட்டிகளுக்கு நடுவில் வைத்தியர் உட்கார்ந்திருந்தார். தனக்கோடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள். மாணிக்கம் ஒன்றும் கேட்காமல் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான்.

வரதன் இல்லை. அவள் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். விரல் நுனியில் பயறளவு காட்டினாள். பிறகு தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் வலையோடு நின்ற தருமனைக் காட்டினாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

வைத்தியர் அந்த இடைவெளியைப் பார்த்தார். குனிந்து அவள் தாடைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்தார். எடுத்தார். தருமன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாருண்ணே?"

"எனுக்கு இன்னா தெரியும்? தண்ணி வடியுதும்மா. வுடு. முகத்துவாரம் தாண்டணும்."

அவள் கையை எடுத்தாள். படகு நகர்ந்தது. வைத்தியர் அவளைப் பார்த்தபடியே தன் தாடைக்குக் கீழே விரல்களை வைத்தார். நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். அடுத்த பக்கத்துக்கு மாற்றினார். அவளுக்குக் காட்டுகிறாரா, தனக்கே தேடுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் தருமனின் வலை முழு வட்டமாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. படகு முகத்துவாரத்து அலையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் விரல்களை எடுக்கவில்லை.