பிறந்த வீட்டுக் கோடி

நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு திரும்பிய பிறகும் நாகலெட்சுமியின் உடலைக் குளிப்பாட்டவில்லை. பந்தலுக்குள் தண்ணீர்க் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. சேதுலட்சுமி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஓலை விசிறியால் ஈ ஓட்டியபடி உப்பளத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனி வெயிலில் உப்புப் பாத்திகள் தண்ணீராக மின்னின. அந்த வழியே வருகிறவர்களுக்குக் கால்கள் இல்லாததுபோல் இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்ணுக்கு ஒவ்வொருவரும் முதலில் வாவு மாமாவாகத் தெரிந்தார்கள். கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆகிப்போனார்கள்.

"பொழுது சாயுமுன்ன எடுக்கணும்த்தா," என்றாள் பிச்சையம்மாள். அப்பாவின் அக்கா. எந்தச் சாவு வீட்டிலும் முறை பிசகாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. "பொறந்த வீட்டுக் கோடி வராம தண்ணி ஊத்த முடியாது. எம்புட்டு நேரந்தேன் பாக்குறது?"

கட்டிக்கொடுத்த பெண் கண்ணை மூடினால், அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுத்துணிதான் கடைசியாக அவள்மேல் கிடக்க வேண்டும். மற்றவர்கள் போர்த்துவதையெல்லாம் இடுகாட்டில் எடுத்துவிடுவார்கள். இது மட்டும் அவளோடு மண்ணுக்குள் போகும்.

நாகலெட்சுமிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளுடைய தகப்பனார், புதுமடத்து மரைக்காயர் ஒருவரின் தோணியில் சுக்கான் பிடித்தவர். கொழும்புக்குப் போன ஒரு பயணத்தில் தோணி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. தாயும் இல்லாத பத்து வயதுப் பிள்ளையை மரைக்காயர் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே எட்டு வருஷம் வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. அவள் சாதியிலேயே மாப்பிள்ளை தேடி, அவள் முறைப்படியே தாலி கட்டவைத்து அனுப்பினார்கள். அவளும் நோன்புக் கஞ்சி காய்ச்சப் படித்துக்கொண்டு, அந்த வீட்டு மகன் வாவு முகம்மதை அவர்கள் வழக்கப்படி 'காக்கா' என்று அழைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனைக் காக்கா என்கிறாளே என்று ஊர் சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை.

முப்பது வருஷமாக ஒரு தை தப்பாமல் வாவு முகம்மது அவளுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, வேரோடு பிடுங்கிய மஞ்சள் குலை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழிக்குப் பின்னால் வந்த தையில்கூட, இரண்டு தோணியைப் பறிகொடுத்த மனிதர், தோளில் கரும்போடு இதே பாதையில் வந்தார்.

நாகலெட்சுமியின் பெரியப்பா மகன் மருதுபாண்டி ஒரு தைக்கும் ஒரு துண்டுக் கரும்பைக்கூடக் கொண்டுவந்ததில்லை. இன்றைக்கோ காலையிலேயே சிவப்புச் சேலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"மரைக்காயரு நல்ல மனுசந்தேன் அத்தான், யாரு இல்லங்கிறா?" என்றார் அப்பாவிடம். "அதுக்காக அவுக பொறந்த வீடாயிருவாகளா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

விடிகாலையில் அம்மாவின் மூச்சு நின்றதிலிருந்து அப்பா முனியசாமி வாயே திறக்கவில்லை. புதுமடத்துக்கு முதல் பஸ்ஸில் ஆளை அனுப்பியதுகூடக் கைச்சாடையில்தான்.

மூன்று நாளைக்கு முன்னால் அம்மா சேதுலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எங்க காக்கா துணிதேன் எம்மேல கெடக்கணும். மருது துணி வேணாம். நீ பாத்துக்க." அம்மா இதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்று மணி பஸ் போன சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து உப்பளத்து மினுமினுப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி வந்தது. கிட்டே வந்த பிறகும் அது வேறு யாராகவும் மாறவில்லை.

வாவு முகம்மது பந்தலுக்குள் நுழைந்தபோது பெண்கள் விலகி வழிவிட்டார்கள். "லெச்சுமி," என்றார், தூங்குகிறவளை எழுப்புவதுபோல. பிறகு உதட்டுக்குள் அரபியில் ஏதோ ஓதினார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

அத்தரும் கற்பூரமும் மணத்தன. துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஒப்பாரி பாதியில் நின்றுபோனது.

"வெள்ளையா?" பிச்சையம்மாள் மார்பில் கைவைத்தாள். "தாலியோட போற மகராசிக்கு வெள்ளையா?"

அவர் துணியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மத்தியானம் சேதி வந்தப்ப ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாக் கடையும் அடைச்சிருந்துச்சு அக்கா. வாப்பா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வாரப்ப ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் கொண்டாந்த துணி இது. எனக்குன்னு பெட்டியில வச்சிருந்தேன். என் வீட்டுல இதவிட ஒசந்தது ஒண்ணுமில்ல. எங்கள்ல கடைசிக்கு வெள்ளதான் உடுத்துவாக. அந்த நெனப்புலயே தூக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இவர் தம்மைப் போர்த்தி அடக்க வைத்திருந்த கபன் துணியையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பக்கம் மருதுபாண்டி சிவப்புச் சேலையின் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்.

சேதுலட்சுமி எழுந்து அடுக்களைக்குப் போனாள். கால் தரையில் பாவாமல் போவதுபோல் இருந்தது. மூலையில் அம்மாவின் கலயம். தைக்கு மாமா கொண்டுவந்த மஞ்சள் குலையை அம்மா அவித்துக் காயவைத்து அதில் போட்டிருந்தாள். கலயத்தோடு தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, இந்தத் துணிய மஞ்சத் தண்ணியில முக்கலாமா? ஒங்க மார்க்கத்துக்கு ஆகாதுன்னா வேணாம். நீங்க சொன்னாத்தேன்."

அவர் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். தாம் கொண்டுவந்த மஞ்சள் என்று தெரிந்திருக்கும்.

"குடுத்தாச்சுல்ல, இனி அவ துணி," என்றார். "அவ வழக்கப்படி செய்யித்தா."

எல்லாரும் பிச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? மஞ்ச நனைஞ்சா அது மங்கலந்தேன். அம்மியக் கழுவுங்க. வெத்தல போட்டவ எவளும் கிட்ட வரக்கூடாது, சுண்ணாம்புக் கை பட்டாச் செவந்து போகும்!"

மருதுபாண்டி சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்டாத் தண்ணீரில் அரைத்த மஞ்சளைக் கரைத்து, மாமாவும் அவளுமாகத் துணியை முக்கிப் பிழிந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். கடற்காற்று வந்து துணிக்குள் புகுந்து பாய்போலப் புடைத்தது. வெயில் அதன் வழியாக வழிந்தது. துணிக்கு அடியில் மாமாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. சனம், பந்தல், அழுகை எல்லாம் அந்த மஞ்சளுக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டிருந்தன. இப்படியே நின்றுகொண்டிருந்தால் அம்மா சாகாமலே இருந்துவிடுவாள் என்று சேதுலட்சுமிக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் அதை அவள் நம்பவும் செய்தாள்.

காய்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பூ வைத்து முடிந்ததும் மாமாவே போர்த்தினார். பாதம் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். வாய்க்கரிசித் தட்டு அவரிடம் வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

"அரிசி நான் போடல அக்கா. எங்கள்ல இல்ல. மூணு கை மண்ணு போடுவேன்."

"சரிய்யா," என்றாள் பிச்சையம்மாள். "ஒங்க வழக்கம் ஒங்களுக்கு." தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினாள்.

பாடை எழுந்தது. உப்பளத்து ஓரமாக மஞ்சள் சிறுத்துக்கொண்டே போனது. பெண்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று சேதுலட்சுமி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஆண்கள் திரும்பும்போது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார்கள். வாவு முகம்மது மட்டும் குளிக்காமல் வந்து, தொழுகைக்குக் கை கால் கழுவத் தண்ணீர் கேட்டார். சேதுலட்சுமி செம்போடு போனாள். பின்னாலேயே வந்த அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அப்பா ஊற்ற, மாமா கழுவினார். முதலில் மண் கரைந்து ஓடியது. பிறகு தண்ணீர் தெளிந்தது. உள்ளங்கைகள் மட்டும் மஞ்சளாகவே இருந்தன. மாமா ஒரு கையால் இன்னொன்றைத் தேய்த்தார்.

"ரொம்பத் தேய்க்காதீக மச்சான்," என்றார் அப்பா.

அன்றைக்கெல்லாம் அவர் பேசியது அவ்வளவுதான். மாமா தேய்ப்பதை விட்டுவிட்டார். தோள்துண்டை உதறி, முற்றத்தில் மேற்குப் பார்த்து விரித்து நின்றார். தொழுது முடித்து அவர் இரு கைகளையும் ஏந்தியபோது, மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் அந்தக் கைகள் மட்டும் தனியாகத் தெரிந்தன.