எதிர்ச்சுற்று

அல்சூர் ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்களும் சரி, ஷூ மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் பிரதட்சிணம்தான். சிவாஜிநகரிலிருந்து புர்காவும் கேன்வாஸ் ஷூவுமாக வரும் பெண்கள், ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஓடுகிற ஐ.டி. பையன்கள், எல்லோருக்கும் ஒரே திசை. இந்த ஊரில் இத்தனை பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழைய தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், ஏரிக்காற்றில் நடந்தால் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரனுக்கும் மனசு இளகிவிடும். என் கணவர் சேஷகிரி மட்டும் விதிவிலக்கு.

விதான சௌதாவில் அரசாங்க அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். பூங்காவில் அவரை யாரும் முந்தியது கிடையாது. "எக்ஸ்க்யூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் தாண்டிப் போவார். அதிலும் தினமும் ஒரு கூட்டத்தோடு நடக்கவரும் பழைய சிநேகிதர் கிளிஃபர்டைத் தாண்டும்போது ஒரு சிரிப்பு வேறு.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள் பூங்காவுக்குப் போனோம். கைத்தடி ஊன்றி வந்தவர்கூட இவரைத் தாண்டிப் போனார். வீட்டுக்கு வந்ததும் ஷூவைப் பரண்மேல் போட்டுவிட்டார். நடக்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். கெஞ்சினேன், கத்தினேன். மனிதர் அசையவில்லை.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது.

"நாளைக்கு எதிர்ப்பக்கமா நடக்கலாம். அப்போ யாரும் நம்மளத் தாண்ட முடியாது."

"அது ரூல் இல்லை, பாமா."

"ரூல் போட்டவர் யாருன்னு காட்டுங்கோ, அவர்கிட்ட நான் பேசிக்கறேன். கிளம்புங்கோ."

பலித்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் நமஸ்காரமும் சலாமும் வைத்தார்கள். "ராங் சைடு, சார்" என்றவர்களை நான் முறைத்தேன். இவர் முகத்தில் பழைய களை திரும்பியது.

"இன்னா சேஷ், ஒன்வேல எதுக்க வர்றே?" என்றார் கிளிஃபர்ட்.

"நீங்கள்ளாம்தான் ராங் சைடு" என்றார் இவர்.

கிளிஃபர்ட் சிரித்தார். பிறகு இவருடைய நடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் எதிரே கிளிஃபர்டைக் காணோம், அவருடைய கூட்டத்தையும் காணோம். இவர் திரும்பிப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் எங்களுக்குப் பின்னால், எங்கள் திசையிலேயே, தேருக்குப் பின்னால் போகிற மாதிரி மெல்ல வந்துகொண்டிருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த கிளிஃபர்ட் குழந்தையடி வைத்து நடந்துவந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதர்களை இந்த ஊரன்றி வேறெந்த ஊர் எனக்குக் கொடுத்திருக்கும்?

ஆனால் இவர் முகம் சிவந்துவிட்டது. போச்சு, ஷூ மறுபடி பரணுக்குத்தான் என்று நினைத்தேன்.

"எதுக்குடா பின்னாடி வர்றே?"

"சும்மாதான் சேஷ். இந்தப் பக்கம் காத்து நல்லாக்கீது."

"உனக்கு ஒழுங்காப் பொய் சொல்லக்கூட வராது."

சொல்லிவிட்டு, ஊரே நடக்கும் திசைக்குத் திரும்பினார். கூட்டம் விலகி எங்களை முன்னால் விட்டுவிட்டு, தானும் திரும்பிப் பின்னாலேயே வந்தது.

"போ, முன்னாடி போ."

கிளிஃபர்ட் தயங்கினார்.

"போடா. இப்படி நடந்தா உன் முட்டிதான் போயிடும்."

கிளிஃபர்ட் இவர் பக்கத்தில் வந்ததும் தணிந்த குரலில், "எக்ஸ்க்யூஸ் மீ, சேஷ்" என்றார்.

இவர் ஓரமாக ஒதுங்கினார். கல்யாணமான நாள்முதல் இவர் ஒருவருக்கு வழிவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோரும் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, வலமாக, நடக்க ஆரம்பித்தார்.