டூப்ளிகேட் என்று எழுதிய கத்தி

என் பையில் இருந்த கத்தி ஒரிஜினல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் என்னைத் தவிர அத்தனை பேரும் அதை டூப்ளிகேட் ஆக்கத்தான் பார்த்தார்கள். எனக்கு நல்லது நினைத்தவர்களும் அதில் சேர்த்தி.

எழுபத்தாறாம் வருஷம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பம்ப்செட் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை எனக்கு. மீஞ்சூரில் விடிகாலை ரயிலைப் பிடித்தால் எட்டு மணிச் சங்குக்குப் போய்விடலாம். என் வீட்டுக்காரர் தாவீது லாரியில் மூட்டை இறக்கும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

கத்தி வந்த கதை சின்னது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், காயில் சுற்ற ஒரு புது மெஷின் வந்தது. அதைப் பொருத்த ஜெர்மன்காரர் ஒருவர் வந்தார். நாலு நாள் ஓட்டியும் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார். நான் ஓடுகிற கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் கம்பி நறநறத்தது. கம்பி நுழையும் வளையத்துக்குள் நகத்தை விட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. கைஜாடையில் காட்டினேன். அவர் அதைத் தேய்த்துவிட்டார், மெஷின் ஓடியது. ஊருக்குக் கிளம்புகிற அன்று, தன் பாக்கெட்டில் இருந்த சிவப்புக் கத்தியை எடுத்து, எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்தார். அப்போதைய மேனேஜர் கை தட்டினார்.

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை. உள்ளே பெரிய பிளேடு, சின்ன பிளேடு, கத்தரிக்கோல், திருப்புளி, டின் திறப்பான். பார்வைக்கு இதே போல ஒன்றை என் பக்கத்து பெஞ்சு கங்கம்மாள் பாரீஸ் கார்னர் பிளாட்பாரத்தில் மூன்று ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தாள். அதிலும் சிலுவை உண்டு. ஆனால் செம்புக் கம்பியின் பூச்சைச் சுரண்டினால் அவள் பிளேடு வளைந்துகொள்ளும். கத்தரிக்கோல் நூலை வெட்டாமல் மெல்லும். அவள் அதைத் திட்டிக்கொண்டே வேலை செய்வாள். டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மூன்று ரூபாய்க்கு அவ்வளவுதான் வரும்.

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து எந்த இரும்புச் சாமான் கொண்டுபோனாலும் கேட்டில் நோட்டில் எழுத வேண்டும். எழுதாத சாமான் திரும்பும்போது கம்பெனிச் சாமான் ஆகிவிடும். நான் கத்தியோடு போன முதல் நாள், வாட்ச்மேன் அரசப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கிரேஸு, அசல் மாதிரி கீது. உன் கையில ஒரிஜினல்னு எழுதுனா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். டூப்ளிகேட்னு போட்டுட்டேன். உனுக்குத்தான் நல்லது."

நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்கே அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று வருஷம், தினம் காலையில், 'கத்தி 1, டூப்ளிகேட்' என்று அவர் எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருஷம் புதிதாக வந்த பர்சேஸ் ஆபீசர் சேகரிடமும் இதே போல ஒரு கத்தி இருந்தது. அவர் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிக்கொள்வார். அதில் ஆப்பிள் நறுக்குவார், தபால் பிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைக் காணோம். சாயங்காலம் எல்லோர் பையையும் சோதிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எமர்ஜென்சி காலம். யூனியன்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

வரிசையில் நிற்கும்போது கங்கம்மாள் தன் கத்தியை என் கையில் திணித்தாள்.

"இத்த வெச்சுக்கோ. உன்னுத எங்கிட்ட குடு, நான் ரவிக்கைல சொருவிக்கினு பூடறேன். நோட்டுலயும் டூப்ளிகேட்னுதான் கீது. ஒரு பேஜாரும் இல்ல."

"என் கத்திய நான் ஏன் ஒளிக்கணும்?"

"ரோஷம் பாக்கற நேரமாடி இது? ஊட்ல படுத்துக்கினு கீற மனுஷன நெனச்சுப் பாரு."

நினைத்தேன். ஆனாலும் அவள் கத்தியை அவள் பையிலேயே போட்டேன்.

என் முறை வந்தது. அரசப்பன் என் பையில் கை விட்டார். கத்தி தட்டுப்பட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது டூப்ளிகேட்டு சார், டெய்லி வர்றதுதான்" என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சேகர் அதை வாங்கிக் கத்தரிக்கோலைப் பிரித்து, ஒரு காகிதத்தை வெட்டினார். சுத்தமாக வெட்டியது.

"காலையில் டூப்ளிகேட் உள்ளே வந்திருக்கு. சாயங்காலம் ஒரிஜினல் வெளியே போகுது" என்றார்.

மேனேஜர் பூவராகவன் அறைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். நோட்டோடு அரசப்பனும் வந்தார். கத்தி மேஜைமேல் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர்கள் சொன்னால் எடுபடாது என்றார்கள். பழைய மேனேஜரைக் கேட்டால் தெரியும் என்றேன். அவர் ரிடையராகி எங்கோ வடக்கே போய்விட்டார் என்றார்கள்.

"ஒரிஜினல்னா அது என்னுடையது. டூப்ளிகேட்னா எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் சேகர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கையில் இருந்தால் ஒன்று மட்டம், இல்லாவிட்டால் திருட்டு. மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"பிளேட தொறந்து பாருங்க சார். தீட்டித் தீட்டிப் பாதி தேஞ்சு பூட்ச்சு. ஆப்பிள் நறுக்குனா இப்டித் தேயுமா? இடுக்குல பாருங்க, காயிலுக்குப் பூசற நம்ம வார்னிஷ். மூணு வருஷத்து அழுக்கு சார் அது. மத்தியானம் எடுத்த கத்தில எப்டி வரும்?"

மேனேஜர் பிளேடைத் திறந்தார். இடுக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சேகர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு கேக்கறேன் சார். என் கத்தி மூணு வருஷமா இந்த நோட்டுல கீது. சேகர் சாரோட கத்தி ஒரு நாளாவது கீதா? அவரு எடுத்தாந்தாரா, இல்லையான்னே யாருக்குத் தெரியும்?"

ஆபீசர் பையை யாரும் கேட்டில் திறப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜர் நோட்டை என் பக்கம் திருப்பினார். குரல் தணிந்திருந்தது. "இதோ பாரும்மா. இதைப் பெரிசாக்கினா போலீசு, ஹெட் ஆபீசுன்னு போகும். காலையில எழுதியிருக்கிறதுக்குப் பக்கத்துல, 'ஆம், டூப்ளிகேட்தான்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. கத்தியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. திங்கட்கிழமை வேலைக்கு வா. அவருக்கும் மரியாதை, உனக்கும் வேலை."

"எழுதும்மா" என்றார் அரசப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் செஞ்ச தப்பு. உன் கால்ல வேணா உழறேன், எழுதிட்டுப் போயிரு."

பேனாவை வாங்கினேன். பெண்களின் பள்ளிக்கூடம், தாவீதின் மாத்திரை, எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. பிறகு அந்த ஜெர்மன்காரர் கத்தியை என் கையில் வைத்தது ஞாபகம் வந்தது. அவருக்கு நான் யார், என்ன ஜாதி, என்ன சம்பளம் என்று எதுவும் தெரியாது. பிசிறைக் கண்டுபிடித்த விரல் என்னுடையது என்பது மட்டும் தெரியும்.

'டூப்ளிகேட்' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே 'ஒரிஜினல்' என்று எழுதினேன். பக்கத்தில் முழுப்பெயரும் டோக்கன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கம்பெனி நோட்டுல கிறுக்குறியா?" என்றார் மேனேஜர்.

"பொய்யா கீறதத்தான் சார் அடிச்சேன்."

கத்தியை மடக்கிக் கையில் எடுத்தேன். சேகர் கையை நீட்டினார். "விடுங்க சேகர்" என்றார் மேனேஜர். நான் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு ரயிலில் ஊர் போய்ச் சேரும்வரை அழுதேன். பயத்தில்தான் அழுதேன், அதில் வெட்கமில்லை.

திங்கட்கிழமை கேட்டில் ஒரு தாள் கொடுத்தார்கள். பதினைந்து நாள் சஸ்பெண்ட். சம்பளம் கிடையாது. காரணம்: கம்பெனிப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் செய்தது. இரண்டு முறை படித்தேன். திருட்டு என்று ஓர் எழுத்துகூட அதில் இல்லை.

பதினைந்து நாள் கங்கம்மாள் வீட்டு அரிசியில் சமைத்தோம். பதினாறாம் நாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகப் பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. நான் எழுதியதை யாரும் அடிக்கவும் இல்லை.