அம்மாகிட்ட சொல்லாத

ஆபீசில் அவளுக்கு டீச்சரம்மா என்றுதான் பேர். முன்னால் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள். இப்போது அரசாங்கத்தின் குழந்தைகள் இணையப் பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டருக்குக் கெட்ட பேச்சு சொல்லிக்கொடுக்கிறாள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. பிள்ளைகளின் போனில் போட ஒரு காவல் செயலி தயாராகிக்கொண்டிருந்தது. எந்தப் பேச்சு வந்தால் அது மணி அடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் அவள்.

மேலதிகாரிக்கு ரூல்ஸ் என்று பட்டப்பேர். வாயைத் திறந்தால் விதிதான் வரும். அன்று மத்தியானம் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, அந்த 'அம்மாகிட்ட சொல்லாத'வை எடுத்துடுங்க. சோதனைக்குன்னு நம்ம ஸ்டாஃப் பிள்ளைங்க போன்ல மட்டும்தான் போட்டிருக்கோம், அதுக்கே மணி ஓயல. சித்தப்பா சாக்லேட் வாங்கித் தந்தா அடிக்குது. அக்கா மார்க்கை மறைச்சா அடிக்குது. எந்த வீட்டுலதான் இதைச் சொல்லல?"

"கெட்டவன் கெட்ட வார்த்தையோட வரமாட்டான் சார், இதோடதான் வருவான். நான் எடுக்கமாட்டேன்."

"பிடிச்ச பிடியை விடமாட்டீங்களே! சாயங்காலம் வரைக்கும் பாருங்க. ஒண்ணுகூட உருப்படியா சிக்கலன்னா எடுத்துடணும்."

அவள் திரையில் வந்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பேர் எதுவும் தெரியாது. பிள்ளை, மறுமுனை என்று மட்டும் காட்டும், அது விதி. பிறந்தநாள் கேக், உடைந்த கண்ணாடி, பூனைக்குட்டி. ரூல்ஸ் சொன்னது சரிதானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தபோது இன்னொன்று வந்தது.

மறுமுனை: வீடியோல வர்றேன்னு சொன்னியே, அண்ணாவை ஏமாத்திடாத. ரூம் கதவைச் சாத்திக்கோ. அம்மாகிட்ட சொல்லாத.

பிள்ளை: சொல்லமாட்டேன் அண்ணா. அம்மா தூங்குநாள் மட்டும்தான் வீட்ல இருப்பாங்க. இப்பதான் ஸ்கூல்லேர்ந்து வந்தேன். தலை சீவிட்டு வர்றேன்.

தூங்குநாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பேரை வைத்தது அவள் மகள், மழலை மாறாத வயசில். அவர்கள் வீட்டைத் தவிர உலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மகளின் நம்பரை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது போன்.

"சார், அது எம்பொண்ணு!"

விதிப்படி பார்த்தால் அந்தப் பிள்ளை யாரென்று அவளுக்குத் தெரியவே கூடாது. ரூல்ஸ் திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "விதி கிடக்கட்டும், நீங்க ஓடுங்க. போலீசை நான் பாத்துக்கறேன். போன்ல எதையும் அழிச்சிடாதீங்க," என்றார்.

ஆட்டோ பிடித்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கியேவிட்டாள், பாவம் அந்த மனுஷன். பஸ் ஓட்டும் கணவன் ஷிப்ட் முடிந்து வீட்டுப் பக்கம்தான் வந்துகொண்டிருப்பான். அவனைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குள் அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள். சீப்பும் கையுமாக மகள் திறந்தாள். புத்தகத்தில் சாய்த்து வைத்த போனில் அழைப்பு அப்போதுதான் வந்து அலறிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்து அதைக் கவிழ்த்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள், அதே மூச்சில் கத்தவும் செய்தாள்.

"பேசிட்டியா? பாத்துட்டானா உன்னை?"

"இல்லம்மா, இப்பதான் கூப்பிடறார். முன்னாடி நான் பண்ணேன், எடுக்கல. ஏன்மா கத்தற?"

"அம்மாகிட்ட சொல்லாதன்னு ஒருத்தன் சொல்றான், உனக்குத் திக்குன்னு இல்லையாடி?"

மகள் சீப்பை நோண்டினாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீயும்தான் சொல்வ. செருப்பு வாங்கினா, ஐஸ்கிரீம் தின்னா, உன் வண்டி இடிச்சப்போ, எல்லாத்துக்கும் அப்பாகிட்ட சொல்லாதம்ப. பாசமா இருக்கறவங்கதான் அப்படிச் சொல்வாங்கன்னு நெனச்சேன்."

ஆபீசில் அத்தனை பேரிடமும் மல்லுக்கட்டி அந்த வாக்கியத்தைக் காப்பாற்றியவளுக்கு அவமானமாக இருந்தது. போன் கவிழ்ந்தபடியே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

வாசலில் பைக் நின்ற சத்தம் கேட்டது. அவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளின் கலைந்த தலையைச் சரிசெய்தாள். குரலைத் தாழ்த்தி, "இத பாரு, அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லக் கூடாது, அதான?" என்றாள் மகள், பழகின வாயால்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"சொல்லணும்டி. வா, செருப்புலேர்ந்து ஆரம்பிக்கலாம்."