நான் இல்லாமல் ஓடும் கடை

ராயபுரத்தில் மீன்பிடி லாஞ்சு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் நான், அடைக்கலமேரி. கணவர் போன பிறகு இத்தனை வருஷமும் கிரீஸில் புரண்டாயிற்று. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. கடையை விற்றுவிட்டு, தூத்துக்குடியில் மகள் மெர்லின் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

விற்றுத் தர ஆலோசகர் ஒருவர் வந்தார், மனோகரன். சட்டை கசங்காத மனிதர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை வைக்கச் சொன்னார், நான் செய்ததையெல்லாம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். லாபம் கூடியது, அதை மறைப்பானேன்? பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எல்லாம் உங்க தலையிலயே நிக்குதும்மா. நீங்க இல்லாம ஓடுற கடையத்தான் நல்ல விலைக்கு வாங்குவாங்க."

பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வழக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் இன்ஜினைக் கழற்றித் தரும்போது, லாஞ்சு ஓனர் மெக்கானிக்கின் கையைப் பிடித்து, நடுக்கடலில் நிற்காது என்று வாக்கு வாங்குவார். வாக்கு கொடுத்தவருக்குத்தான் அந்த லாஞ்சின் வேலையெல்லாம். கடை போர்டை எவனும் பார்ப்பதில்லை. முதலில் என் கணவர் கை, அப்புறம் என் கை.

அதனால் என் ஃபோர்மேன் ஜெயவேலை அழைத்துக்கொண்டு லாஞ்சு லாஞ்சாக ஏறினேன். வியாசர்பாடிக்காரர், தங்கமான வேலைக்காரர். ஒவ்வொரு ஓனர் கையையும் எடுத்து அவர் கையில் வைத்து, "இனிமே இவுருதான்" என்றேன். முட்டி வலியில் உயிர் போயிற்று.

வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் என்னை ஒரு மாதம் கடைப்பக்கமே வரக்கூடாது என்றார்கள். போகவில்லை. கடை ஜம்மென்று ஓடியது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனவர்கள், ஜெயவேலுக்கு இரட்டைச் சம்பளம் பேசி, பக்கத்துத் தெருவில் சொந்தமாகவே கடை திறந்துவிட்டார்கள். என் கடையை அவர்கள் எதற்கு வாங்க வேண்டும்? வேண்டியதை நானே லாஞ்சு ஏறி இறங்கிச் சும்மா கொடுத்துவிட்டேனே.

ஜெயவேல் சொல்லிக்கொண்டுதான் போனார். "மூணு பொண்ணுங்க கீதுக்கா," என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஜெயவேல் பின்னாலேயே போன லாஞ்சு ஓனர்களில் ஆண்ட்ரூவைத்தான் பிடித்தேன். என் கணவர் காலத்திலிருந்தே எங்களிடம் இன்ஜின் விட்டவன்.

"இன்னாடா, நீயுமா அங்க பூட்ட?"

"நீதானக்கா என் கைய எடுத்து அவரு கைல வெச்ச? வாக்கு வாங்கிக்கினேன். கடலுக்குப் போறவன், அத்த எப்டி மாத்துவேன்?"

துரோகம் செய்திருந்தாலாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அவன் நான் சொன்னபடி நடந்திருக்கிறான்.

நடந்தது எதுவும் தெரியாமல் மனோகரன் போன் செய்தார். அடுத்த கூட்டத்தில் என் கடையை உதாரணமாகச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"சொல்லு நைனா. அடைக்கலமேரி இல்லாம சோக்கா ஓடிக்கினு கீதுன்னு சொல்லு. பக்கத்துத் தெருவுல."

மெர்லினிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து, உயரமான கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறாளாம்.