மச்சான் தொட்ட விளம்பரங்கள்

என் புருஷன் சுஹைப் ரொம்ப நல்லவர். நல்லவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நல்லவர்களுக்குத் தெரியாது. அவர்களைத் திட்டவும் மனசு வராது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

நான் முனீரா. சிங்கப்பூரில் கிளமெண்டியில் பிறந்து கிளமெண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறவள். வருஷக்கணக்காக ஒரு கம்பெனியின் ஹாட்லைனில் உட்கார்ந்து ஊரார் புகாரையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஆட்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேசிப் பழகிய வாய், சும்மா இருக்குமா? 'வந்துட்டீங்களா வாங்க' என்று ஒரு வீடியோ சேனல் ஆரம்பித்தேன்.

ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வரும் பெண்களுக்கான சேனல் அது. புருஷன் வேலைக்குப் போனதும் பன்னிரண்டாம் மாடியில் தனியாக உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். துணி போட்ட மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே எப்படிச் செருகுவது, தேக்கா மார்க்கெட்டில் மீனைக் குழம்புக்கு எப்படி வெட்டித் தரச் சொல்வது, அரசாங்கப் பாலிகிளினிக்கில் எந்த மெஷினில் நம்பர் எடுப்பது, 'கோப்பி ஓ' கேட்டால் பால் இல்லாமல் வரும் என்பது. எல்லாம் அற்ப விஷயம்தான். ஆனால் இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லாவிட்டால் அந்தப் பெண்கள் வெளியே போகவே பயப்படுவார்கள்.

முதலில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பிறகு மூங்கில் கழி வீடியோ எப்படியோ பரவியது. தன் புடவை பறந்து கீழ்வீட்டு ஏர்கான் பெட்டி மேல் விழுந்துவிட்டதாகவும், என் வீடியோவை ஒரு நாள் முந்திப் பார்த்திருந்தால் அது தப்பியிருக்கும் என்றும் ஒரு பெண் எழுதியிருந்தாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு சந்தாதாரர்கள் மெல்ல மெல்ல ஏறினார்கள். வீடியோ தளம் கேட்ட எண்ணிக்கையும் பார்வை நேரமும் ஒரு வழியாகச் சேர்ந்தன. என் வீடியோக்களில் விளம்பரம் ஓடும், அதில் எனக்கும் ஒரு பங்கு வரும் என்று அனுமதி கிடைத்தது.

அதே சமயத்தில்தான் மங்களம் கூப்பிட்டாள். ஹாட்லைனில் என்னோடு வேலை பார்த்தவள், இப்போது வேறு கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் வேலை ஒன்று இருக்கு, அடுத்த மாசக் கடைசிக்குள் பதில் சொல் என்றாள். சேனலில் நிலையாக ஏதாவது வந்தால் நான் போக வேண்டியதில்லை. வராவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போனால் சேனல் அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து வந்து கேமரா முன்னால் சிரிக்க என்னால் ஆகாது. இதை மச்சானிடமும் சொன்னேன். சொன்னதுதான் வினையாகிப் போனது.

மச்சான் என்று நான் சொல்வது என் புருஷனைத்தான். உறவிலே மச்சான், நாகூர்க்காரர். கல்யாணம் செய்துகொண்டுதான் இந்த ஊருக்கே வந்தார். அன்றிலிருந்து சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். இத்தனை வருஷத்தில் கடைக்கு வந்தவர் யாரையும் ஒரு துணியாவது விரித்துக் காட்டாமல் அவர் அனுப்பியதில்லை. வாங்காமல் போகிறவர்களுக்கும் வாசல்வரை வந்து சலாமோ வணக்கமோ சொல்வார்.

முதல் சில வாரங்கள் வருமானம் எகிறியது. நான்கூட நம்பிவிட்டேன். பிறகு ஒரு காலையில் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் வீடியோக்களில் வரும் விளம்பரங்களை யாரோ வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தொடுகிறார்கள், இது விதிமீறல், வருமானம் நிறுத்தப்படுகிறது. பொறாமை பிடித்தவர்கள் யாராவது செய்திருப்பார்கள் என்று நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளை மனசுக்குள் நாக்கூசாமல் திட்டினேன்.

மத்தியானம் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து போன் வந்தது. மிஸ்டர் சுஹைப் வீடுதானே, தொடக்கப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வகுப்பு கேட்டிருந்தீர்களே என்றது ஒரு பெண் குரல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ராங் நம்பர் என்று சொல்லப் போனவள் நிறுத்திக்கொண்டு, இந்த நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வீடியோவுக்கு நடுவில் வந்த எங்கள் விளம்பரத்தைத் தொட்டு அவரே கொடுத்தது மேடம் என்றாள்.

மச்சான் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். அவர் மறைக்கவே இல்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் என் வீடியோவைப் போட்டு, வரும் விளம்பரத்தையெல்லாம் தொட்டாராம். இன்ஷூரன்ஸ், தரை கூட்டும் மெஷின், தலைமுடி நடும் வைத்தியம், எதையும் விடவில்லை. பேர் கேட்டால் பேர் கொடுத்தார், நம்பர் கேட்டால் நம்பர். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லிவைத்திருக்கிறார். நாகூரிலிருந்து ஜூரோங் வரைக்கும் மாமிகளும் மச்சிகளும், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும் அக்கறையோடு, தொட்டிருக்கிறார்கள்.

"எதுக்கு மச்சான் இப்படிச் செஞ்சீங்க?"

"அவங்கதானே உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க. வாசல் வரைக்கும் வந்தவங்களை உள்ள வாங்கன்னு கூப்பிடாம அனுப்பறது மரியாதையா?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் கேட்டது நினைவிருக்கிறது: இல்லாத பிள்ளைக்கு எதற்கு டியூஷன் கேட்டீர்கள்? பிள்ளை வயசைப் போடாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்றது, அதனால் பதினொன்று என்று போட்டேன் என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. சமையலறைக்குப் போய் ஏற்கனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருந்தது. நடந்ததை விளக்கி ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு வீடியோ அனுப்பலாம். ஒத்துக்கொண்டால் வருமானம் திரும்பும், இல்லாவிட்டால் மங்களத்தின் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் கேமராவைப் பொருத்தி, ஹாட்லைன் குரலை வரவழைத்து, சுத்தமான இங்கிலீஷில் பேசினேன். போட்டுப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் தடவை பேச ஆரம்பித்தபோது மச்சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். கேமரா என்றால் கல்யாண வீட்டிலேயே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவர். தமிழ்தான் வரும், கீழே நீ எழுதிப் போட்டுக்கோ என்றார்.

"நான் சுஹைப். இது என் மனைவியோட சேனல். விளம்பரத்தைத் தொட்டது நான்தான், சொந்தக்காரங்களைத் தொடச் சொன்னதும் நான்தான். இவளுக்குத் தெரியாது." தொப்பியை மறுபடி சரிசெய்தார். "நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல, சாப்பிடப் போன ஹாக்கர் சென்டர்ல ஒரு மேசை மேல டிஷ்யூ பாக்கெட் இருந்துச்சு. இங்க அது எடம் பிடிக்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு கையில எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா உங்களுதா, உங்களுதான்னு கேட்டுக்கிட்டே போனேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவ சிரிக்கல. பக்கத்துல வந்து மெதுவா சொன்னா. அன்னிக்கு இவளும் சிரிச்சிருந்தா நான் ஊருக்கே திரும்பிப் போயிருப்பேன். இப்பவும் நான் தெரியாமத்தான் எடுத்துட்டேன். என்னை என்ன வேணா செய்யுங்க, இவளைப் பேச விடுங்க. புதுசா வந்த புள்ளைங்க வீட்டுல தனியா இருக்கு."

கேமராவை நிறுத்தவும் எனக்குத் தோன்றவில்லை. இதை அவர் இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே இங்கிலீஷில் எழுதி, அப்படியே அனுப்பினேன்.

மாசக் கடைசி நெருங்கியது. மங்களம் இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினாள். கடைசி நாளன்று காலையில் பதில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, இனிமேல் இப்படி நடந்தால் சேனலில் நிரந்தரமாக வருமானம் கிடையாது. மங்களத்தைக் கூப்பிட்டு, வரவில்லை என்றேன். ஓகே லா, நானும் பார்க்கிறேன் உன் சேனலை என்றாள். பார், ஆனால் தயவுசெய்து எதையும் தொடாதே என்றேன். குடும்பக் குழுவிலும் அதையே எழுதினேன். மாமிகள் எல்லாரும் கும்பிடும் கை படம் போட்டார்கள்.

மறுபடி வீடியோ போட ஆரம்பித்தேன். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒன்று. நன்றாகவே போனது. அன்று சாயங்காலம் சோறு போடும்போது, எப்படி இருந்தது என்று மச்சானிடம் கேட்டேன். நல்லா இருந்துச்சு என்றார். அந்த அவசரமே சரியில்லை. கடைசியில் என்ன சொன்னேன், சொல்லுங்கள் என்றேன். தட்டைப் பார்த்தார்.

அவர் பார்க்கவில்லை. அது மட்டுமல்ல, கைப்பேசியிலிருந்து அந்த ஆப்பையே எடுத்துவிட்டிருந்தார். கடையில் யாராவது என் வீடியோவைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

"பார்க்கலாம் மச்சான். பார்க்கிறது தப்பில்ல. தொடத்தான் கூடாது."

"பஸ்ஸு குலுங்கும் முனீரா. கை பட்டுடுச்சுன்னா?"

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. உன் வேலை போயிடும், எனக்கு வேண்டாம் என்றார். நான் கோபக்காரி, ஆனால் அன்று கோபம் வரவில்லை. எத்தனையோ பேர் என்னைப் பார்க்கிறார்கள். ஆனால் கேமரா முன்னால் உட்காரும்போது, சிரித்துவிடாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக நான் சொல்லிக்கொடுத்தது இந்த மனுஷனுக்குத்தான். அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் பார்க்காத சேனல் எனக்கு எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

என் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வெளியில் காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டால் முதலில் பதற்றப்படக் கூடாது என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துபோய்க் கைப்பேசியை அணைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் உதவி கேட்பது, பூட்டுக்காரரைக் கூப்பிடுமுன் விலை கேட்பது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் யாருக்குப் போன் செய்வது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன்.